ஆறேகால் பஸ்ஸின் முதல் டிக்கட்

மாதனூரிலிருந்து ஆம்பூருக்குக் காலை ஆறேகால் மணிக்குப் புறப்படவேண்டிய பஸ், அந்த நேரத்துக்குப் புறப்பட்டதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அதற்காக ஆறேகாலுக்கு வராமலும் இருக்க முடியாது. ஒருவேளை இன்றைக்குப் பார்த்துப் புறப்பட்டுவிட்டால்?

இந்தப் பயத்தோடு தினமும் எல்லோருக்கும் முன்பாக வந்து நிற்பவள் அமிர்தவள்ளி. ஏறக் கடைசியாக அனுமதிக்கப்படுபவளும் அவள்தான்.

அமிர்தவள்ளிக்கு முப்பத்திரண்டு வயது. பதின்மூன்றில் கலியாணம். பதினேழில் காலரா வந்து புருஷன் போய்விட்டான். தலையை மழிக்க வந்த நாவிதனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, வேலூருக்குப் போய் மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டாள். ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரி கட்டிக்கொடுத்திருந்த பிரசவ விடுதியில் அந்த 1933ஆம் வருஷ ஆடியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆம்பூரிலேயே குடியிருக்கலாமென்று வீடு தேடினாள். வீடு இருந்தது, ஒரு விதவை தினம் காலையில் தன் வாசற்படி இறங்கிப் போவதற்குச் சம்மதிக்கும் வீட்டுக்காரன்தான் இல்லை. ஆகவே மாதனூரில் அண்ணன் தனகோடியின் வீட்டில் இருந்துகொண்டு, தினமும் ஏழு மைல் போய் வந்தாள்.

அந்த ஏழு மைலுக்கு மாட்டு வண்டியில் மூன்று மணி நேரம். பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிஷம். இதை நினைத்தாலே அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். சீட்டுக் கம்பி முதுகில் குத்தும். யாரோ கால் கட்டிப் போட்ட கோழி காலடியில் கிடந்து கத்தும். ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் தோல் பதனிடும் ஷாப்புகளை நோக்கிச் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தால், பின்னாலேயே இதுவும் ஊர வேண்டும். ஆனாலும் காற்று முகத்தில் அடிக்க, மலை பக்கத்திலேயே கூட ஓடிவர, தூரத்தில் தோல் ஊறும் வாடை வந்ததும் 'ஆம்பூர் வந்துவிட்டது' என்று பையை எடுத்துக்கொள்வது அவளுக்குப் பிடித்த காரியம். உட்கார இடம் கிடைத்தால் இன்னும் பிடித்திருக்கும். அதுதான் கிடைப்பதில்லை.

காரணம், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த பெயரிலேயே இருந்தது. 'மங்கள விலாஸ் மோட்டார் சர்வீஸ்.'

டிரைவர் கோவிந்தசாமி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பான், கற்பூரம் கொளுத்துவான். கண்டக்டர் வேலு அன்றைய முதல் டிக்கட்டைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அந்த முதல் டிக்கட்டை வாங்குவது தாலி கட்டிய பெண்ணாகவோ, நாலு காசு உள்ள ஆணாகவோ இருக்க வேண்டும். விதவை வாங்கினால் அன்று முழுக்க வண்டி விளங்காதாம்.

"யக்கா, கொஞ்சம் அந்தப் பைப்பாண்ட போய் நில்லுக்கா. யாராச்சும் வரட்டும்" என்பான் வேலு. கெட்டவன் இல்லை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டான்.

தண்ணீர்க் குழாயண்டை அவளோடு இன்னொருத்தியும் நிற்பாள். கீரை விற்கும் செண்பகம், அவளும் விதவை. "பொறக்கிற கொயந்தைய மொதல்ல தொடுறவ நீ. உன் மூஞ்சிலதான் அது மொதல்ல முழிக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவுல. இந்தத் தகர டப்பாவுக்கு ஆயிடுமாம்!" என்று பஸ் காதில் விழும்படியே சொல்லுவாள் செண்பகம்.

மங்களமான ஆள் ஒருவர் வந்து முதல் டிக்கட் வாங்கிய பிறகும் பஸ் புறப்படாது. மணியக்காரர் சாமிநாதன் காபி குடித்துவிட்டு வர வேண்டும். அவர் வந்து, முன்சீட்டைத் துண்டால் தட்டி, உட்கார்ந்து, வெற்றிலை போட்ட பிறகு கிளீனர் இறங்கி, என்ஜினைக் கிளப்ப ஹாண்டிலைச் சுழற்றுவான். அப்போது மணி ஏழேகாலும் ஆகும், ஏழரையும் ஆகும். மனிதன் பெட்ரோலில் ஓடும் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டான். அதில் ஏறும்போது மட்டும் மூளையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஏறுகிறான்.

பிரசவ விடுதியில் அமிர்தவள்ளி ஏழரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இரவு முழுக்கக் கண்விழித்த மருத்துவச்சி அஜீஸுன்னிசா பீபி, இவள் வந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். நோவில் கிடப்பவர்களைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

"இன்னா அமிர்தம், இன்னிக்கும் லேட்டா? ஒரே பேஜாராப் போச்சு போ. என் கொயந்தைங்க ஊட்ல பசியோட குந்தியிருக்கும்" என்று அஜீஸுன்னிசா சலித்துக்கொண்டாலும், டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னதில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். மார்கழி பாதி கழிந்ததும் அமிர்தவள்ளியைக் கூப்பிட்டார்.

"உன் கை நல்ல கை. ஆனா நேரத்துக்கு வராத கை எனக்கு வேண்டாம். ஜனவரி முடியறவரைக்கும் பார்ப்பேன். இன்னும் ஒரு நாள் தாமதமானாலும் வேறு ஆள் போட்டுடுவேன். ஒழுங்கா வந்தா, ஒண்ணாந்தேதி முதல் வேலை நிரந்தரம்."

இந்த வேலை போனால் அண்ணன் வீட்டு அடுப்படிதான் மிச்சம். அது அமிர்தவள்ளிக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் முதல் நாலரைக்கே எழுந்து நடக்க ஆரம்பித்தாள். இருட்டில், பனியில், ஏழு மைல். பத்து நாள் நடந்ததில் பாதம் வெடித்து ரத்தம் கட்டியது. "இதைப் போத்திக்கிட்டாச்சும் வா" என்று அஜீஸுன்னிசா தன் சிவப்புக் கம்பளிப் போர்வையைக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் நடக்க முடியவில்லை. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று பஸ்ஸண்டை வந்து நின்றாள்.

அன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுகூடத் தெரியாத பனி. வேலுவுக்குக் காய்ச்சல் என்று ஆம்பூரிலிருந்து ஒரு புதுக் கண்டக்டர் வந்திருந்தான். கோவிந்தசாமி தலையை என்ஜினுக்குள் விட்டுக்கொண்டிருந்தான். புதியவன் சிவப்புப் போர்வையைப் பார்த்து, "எங்கம்மா, ஆம்பூரா?" என்றான். ஆமென்று காசை நீட்டினாள். முதல் டிக்கட்டைக் கிழித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் கையில் கொடுத்தான்.

அவள் ஒளிக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. டிக்கட் கேட்டாள், கொடுத்தார்கள். போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

மணியக்காரர் ஊரில் இல்லாததால் பஸ் சீக்கிரமே புறப்பட்டது. அடுத்த கிராமத்தில் ஒரு கலியாண கோஷ்டி மொத்தமாக ஏறிக்கொண்டது. வழியில் ஒரு பட்டை வண்டிகூட இல்லை. எந்நாளும் நடுவழியில் கொதித்துத் தண்ணீர் கேட்கும் என்ஜின் அன்று மூச்சுக்கூட விடவில்லை. ஆம்பூரில் இறங்கியபோது மணி ஏழு.

கோவிந்தசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "டேய், இன்னிக்கி மொத போணி யார்துடா? அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா!"

"தோ, இந்தம்மாதான்" என்றான் புதியவன்.

போர்வை விலகியது. டிரைவரின் வாய் திறந்தபடியே நின்றது. அமிர்தவள்ளி விடுதிக்கு நடந்தாள்.

இதிலிருந்து கோவிந்தசாமி என்ன முடிவுக்கு வந்திருப்பான்? விதவை ஏறினால் வண்டிக்குக் கேடு என்பது பொய் என்று தெரிந்துகொண்டானா? அப்படி ஒரு எண்ணம் அவன் பக்கத்தில்கூட வரவில்லை. மறுநாள் காலையில் அவனே குழாயண்டைக்கு வந்து கைகூப்பி நின்றான்.

"வா நர்ஸம்மா. நீ சாதாரண ஆள் இல்ல, மகாலட்சுமி. இனிமே டெய்லி மொத டிக்கட் உன்துதான். முன்சீட்டு உன்துதான். காசே வாணாம்."

செண்பகம் வாயில் கைவைத்துக்கொண்டாள். காய்ச்சல் தெளிந்து வந்திருந்த வேலு முன்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெடித்த பாதம் பஸ் படியை நோக்கித் தானாகவே போயிற்று. ஏறிவிட்டால் போதும். இன்னும் பதினைந்து நாள்தான் ஜனவரி, வேலை நிரந்தரம். ஆனால் படியில் ஒரு காலை வைத்தவள் நின்றுவிட்டாள். நேற்றுவரை பீடை, இன்றைக்கு லட்சுமி. நாளைக்கு ஒரு டியூப் கிழிந்தால் மறுபடியும் பீடை.

"கோவிந்தசாமி அண்ணே, நான் லட்சுமியும் இல்ல, மூதேவியும் இல்ல. பாசிஞ்சர். நேத்து வண்டி நல்லாப் போனதுக்கு நான் காரணமில்ல. காலையில நீ என்ஜினுக்குள்ள தலைய விட்டுச் சுத்தம் பண்ணே, அது காரணம்."

"அதெல்லாம் சரி, நீ ஏறு."

"ஏறுறேன். இன்னிக்கி இந்தச் செண்பகம் எனக்கு முன்னாடி வந்து நின்னா. அவ மொதல்ல ஏறட்டும். இனிமே யார் மொதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு மொத டிக்கட். சரியா ஆறேகாலுக்கு வண்டி எடுக்கணும். எனக்கு ஓசி வாணாம். காசு குடுத்துதான் ஏறுவேன். இதுக்கு ஒத்துக்கலன்னா நான் நடந்தே போறேன்."

"மணியக்காரர் வந்து கேட்டா இன்னா சொல்றது?"

"ஆறேகால்னு சொல்லு."

தன் அதிர்ஷ்டம் நடந்து போய்விடுமோ என்ற பயத்தில் கோவிந்தசாமி ஒத்துக்கொண்டான். நியாயத்துக்காக ஒத்துக்கொண்டிருந்தால் அமிர்தவள்ளிக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனாலும் செண்பகம் கீரைக்கூடையோடு முதல் ஆளாக ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்து, அது பிடிக்காமல் எழுந்து ஜன்னலோரம் போனதைப் பார்த்தபோது, இதுவும் போதுமென்று தோன்றியது.

ஊருக்குத் திரும்பியிருந்த மணியக்காரர், அன்று காபி டம்ளரும் கையுமாக வாசலில் நின்று பஸ் போவதைப் பார்த்தார். அடுத்த நாள் குடையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மூன்றாம் நாள் ஆறுமணிக்கே வந்துவிட்டார். கடிகாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது என்பதை அறிய அவருக்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது.

ஜனவரி முடிய இரண்டு நாள் இருந்தது. ஆம்பூருக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது பின்சக்கரம் படீரென்றது. பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. மணி ஆறு நாற்பது.

எல்லாத் தலைகளும் அமிர்தவள்ளியின் பக்கம் திரும்பின. கோவிந்தசாமியின் தலையும் திரும்பியது. மணியக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"நான் அன்னிக்கே நெனச்சேன். ஏத்தக்கூடாதவங்கள மொதல்ல ஏத்தினா இப்டித்தான் ஆவும்."

வேலு பையிலிருந்து டிக்கட் கட்டை எடுத்துப் பார்த்தான். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னான்.

"இன்னிக்கி மொத டிக்கட் நீங்கதானே சாமி எடுத்தீங்க? அஞ்சே முக்காலுக்கே வந்து நின்னீங்களே!"

பஸ்ஸே குலுங்கும்படி ஒரு சிரிப்பு எழுந்தது. செண்பகம் விடவில்லை. "அய்யோ, அப்ப நாளையிலேர்ந்து மணியக்காரரு கொழாயாண்ட நிக்கணுமே!"

மணியக்காரரின் முகம் கறுத்தது. அமிர்தவள்ளி இறங்கிப் போய்ச் சக்கரத்தண்டை குனிந்தாள். கிளீனரிடம் குறடு வாங்கி டயரிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாள். வளைந்த ஆணி, மாட்டு லாடத்திலிருந்து கழன்றது. பட்டை வண்டிகள் போகும் சாலையில் இது கிடக்காத இடம் ஏது? அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

"அவரும் காரணமில்ல, நானும் காரணமில்ல. இதான் காரணம். இதுக்குத் தாலியும் தெரியாது, மணியக்காரரும் தெரியாது. அண்ணே, ஒட்டு போட எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒட்டறது பத்து நிமிஷம். காத்தடிக்கத்தான் நேரம் ஜாஸ்தி. நானும் கிளீனரும் அடிச்சா எட்டு மணி ஆயிடும்."

"ரெண்டு பேரு இன்னாத்துக்கு? இங்க இருபது பேரு இருக்கோம்."

டியூபில் ஒட்டுப் போட்டதும் அவளே முதலில் பம்பைப் பிடித்தாள். ஆளுக்கு இருபது அடி, பிறகு அடுத்த ஆள். வழக்கமாகப் புளியமரத்தடியில் பீடி குடிக்கப் போகும் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். மணியக்காரரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் கேட்கவில்லை, சிரிப்பை மறக்கடிக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அமிர்தவள்ளி பக்கத்தில் நின்று எண்ணினாள். ஆள் தளர்ந்தால் பழக்கதோஷத்தில் அவள் வாயில் வருவது வந்தது.

"இன்னும் கொஞ்சம்... விட்டுடாதே... மூச்சைப் புடி... அவ்ளோதான், ஆச்சு..."

"யம்மா," என்று செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "மணியக்காரருக்கு ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயான்னு பாத்துச் சொல்லும்மா!"

மணியக்காரரே சிரித்துவிட்டார். பம்பு கையிலிருந்து நழுவி, அந்த இருபது அடியை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

பிரசவ விடுதியின் வாசலில் பஸ் நின்றபோது மணி ஏழு இருபத்தெட்டு. அங்கே நிற்கிற வழக்கம் பஸ்ஸுக்குக் கிடையாது. கோவிந்தசாமியே கொண்டுவந்து நிறுத்தினான். கையெல்லாம் கறுப்பு எண்ணெயாக உள்ளே ஓடிவந்தவளைப் பார்த்து அஜீஸுன்னிசா பதறினாள்.

"யா அல்லா, இன்னா கை இது?"

"ஒண்ணுமில்ல பீபி. வழியில ஒரு பிரசவம். நீ ஊட்டுக்குக் கிளம்பு."

சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிப்ரவரி ஒன்றாந்தேதி டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அதில் அவள் பெயருக்குப் பின்னால் 'தற்காலிகம்' என்ற சொல் இல்லை.

மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்கு வந்தபோது செண்பகமும் மணியக்காரரும் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். மூன்றாவது டிக்கட்டை வாங்கிக்கொண்டு ஏறப்போனவள், பஸ்ஸின் முன்பக்கம் ஏதோ புதிதாக ஆடுவதைப் பார்த்து நின்றாள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிய நூலில், நடுவில், அந்த வளைந்த லாட ஆணி தொங்கியது.

"இது இன்னா அண்ணே?"

"ராசியான ஆணி நர்ஸம்மா" என்றான் கோவிந்தசாமி பயபக்தியோடு. "இது இருந்தா இனிமே பஞ்சரே ஆவாது."

அமிர்தவள்ளி அவனையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் கிளீனர் ஹாண்டிலைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டான். மணி சரியாக ஆறேகால். இன்றைக்கு இது போதும், மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கம்பி முதுகில் குத்தியது. மலை கூடவே ஓடிவர ஆரம்பித்தது.