ரெங்கராஜ் ஊதி அணைத்த சூடம்

“கேஸ இவனுங்க மாத்திக்கிட்டே இருந்தா, நான் ஏசி மாட்டுறதா, பரீட்சைக்குப் படிக்கிறதா?”

கீரனூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாய்லருக்கு அடுத்தபடியாக ஆவி விட்டவர் ரெங்கராஜ்தான். இந்த வசனத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். ‘பரீட்சை’ வரும்போது குரல் கீச்சென்று உடையும். திருச்சி பஸ்ஸுக்கு நிற்கிற காலேஜ் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அவர் செருமினால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள்.

கீரனூர், குளத்தூர் வட்டாரத்தில் ஏசி என்றால் அவர்தான் காண்ட்ராக்டர். ஏசிக்குள் ஓடுகிற பழைய கேஸோடு அவருக்கு அப்படியொரு பழக்கம். எடை போட்டெல்லாம் நிரப்ப மாட்டார். கண்ணை மூடிக் குழாயைத் தொட்டுப் பார்ப்பார், நாடி பிடிக்கிற வைத்தியர் தோற்றுப்போவார். “குழாய் வேர்க்குதுங்க, கேஸு போதும்!”

அப்புறம்தான் அவருடைய முத்திரை. ஸ்டூலில் ஏறி நின்று, ஏசியின் முகத்துக்கு நேரே சூடம் கொளுத்திச் சுற்றுவார். “சூடம் காட்டாத ஏசி காத்துதான் குடுக்கும். குளிரு குடுக்காது.” ஜனங்களும் நம்பினார்கள். குன்றாண்டார்கோவிலில் ஒரு வீட்டில், சூடம் காட்டாமல் கிளம்பிய வேறொரு மெக்கானிக்கைப் பாதி வழியிலிருந்து திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வானத்தைக் கெடுக்காத புது கேஸ்கள் ஒவ்வொன்றாக வந்தபோது அவர் கண்டுகொள்ளவில்லை. “ஓசோன்ல ஓட்டையா? நம்ம ஊரு வெயிலு அதுக்கு முன்னாடியே வந்துருச்சுங்க.”

அடைக்கப்பனின் போன் வரும்வரைக்கும்தான் இந்த வீரம். திருமயம் பக்கத்துக்காரர், சென்னையில் தொழில், கீரனூரில் சொந்தமாகக் கல்யாண மண்டபம். அந்த மண்டபத்தின் வருட காண்ட்ராக்டில்தான் ரெங்கராஜ் வீட்டு அடுப்பு எரிந்தது.

“ரெங்கராஜ், லிசன். மண்டபத்துல கல்யாணப் பொண்ணு ரூமுக்குப் புது ஏசி மெஷின் வாங்கியிருக்கேன். இதுல இருக்க கேஸ் தீப்பிடிக்குமாம். ட்ரெய்னிங் போய்ட்டு வந்து நீ மாட்டு. இல்லேன்னா வருச காண்ட்ராக்டத் திருச்சிக் கம்பெனிக்குக் குடுத்துருவேன். ஓகே?”

ரெங்கராஜ் செருமினார். மனைவி பிரகதீஸ்வரி வாயைத் திறக்கவே விடவில்லை. “ஓகேன்னு சொல்லுங்க! மண்டபம் போச்சுன்னா, அந்த டீக்கடை பாய்லரத்தான் நீங்க சர்வீஸ் பாக்கணும்.”

திருச்சி வகுப்பில் ஏசி நன்றாக வேலை செய்தது, அதனால் முதல் பாதி முழுக்கத் தூங்கினார். பிறகு எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போன வாத்தியார், கேஸைத் துளி கசியவிட்டு நெருப்பைக் காட்டினார். புஸ்ஸென்று எழுந்த ஜுவாலையில் ரெங்கராஜின் தூக்கம் கலைந்தது.

“இது அடுப்புக் கேஸோட பங்காளி. அடுப்புக் கேஸாவது நாறிக் காட்டிக் குடுக்கும். இது வாசனையே இல்லாம ரூமுக்குள்ள நிக்கும்” என்றார் வாத்தியார்.

“சார், கடைசியில லேசா ஒரு சூடம்…”

“எது சார்?”

“சூடம் சார். சின்ன வில்லைதான்.”

வாத்தியார் கும்பிட்டார். “சார், ப்ளீஸ்.”

மண்டபத்தில் அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மணப்பெண் அறையில் மெஷின் ஏறியது. இந்தத் தடவை ரெங்கராஜ் குழாயைத் தொட்டு நாடி பார்க்கவில்லை. வாத்தியார் சொன்னபடி வால்வைத் திறந்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு நுரைக் குமிழி கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. கசிகிறது!

அதே நேரம் கதவு திறந்தது. அடைக்கப்பனின் மனைவி காமாட்சி ஆச்சி, தட்டில் எரிகிற சூடத்தோடு நின்றார். “மறந்துட்டியாப்பா? நானே கொளுத்திக்கிட்டு வந்துட்டேன்.”

ரெங்கராஜ் ஸ்டூலிலிருந்து ஒரே பாய்ச்சலில் இறங்கி, வாயால் ஊதி அணைத்தார்.

நாளைக்குக் கல்யாணம் நடக்கப்போகிற இடத்தில், சாமிச் சூடத்தை, வாயால்! ஆச்சியின் முகம் கறுத்தது. வாசலில் நின்ற அடைக்கப்பன் போனை எடுத்தார், திருச்சி நம்பரைத் தேடத்தான். ரெங்கராஜ் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தார், வால்வை மூடினார், அப்புறம் இணைப்பைக் காட்டினார். குழாயில் மிச்சமிருந்த கேஸில் சோப்பு நுரை இன்னும் உப்பிக்கொண்டுதான் இருந்தது. அடைக்கப்பன் நுரையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“காண்ட்ராக்ட் ஒனக்குத்தான்ப்பா. காமாட்சியச் சமாளிக்கிறது மட்டும் ஒன் பாடு.”

ஆச்சி விடுவதாக இல்லை. “சூடம் காட்டாட்டிக் குளிராதுன்னு இத்தன வருசமா ஊரெல்லாம் சொன்னது யாரு? நீதான? அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?”

ரெங்கராஜ் செருமினார்.

“ஆச்சி, பழைய கேஸு சாதுங்க. நீங்க சூடம் காட்டுனா வாங்கிக்கிட்டுச் சும்மா கெடக்கும். இது அப்படியில்ல, திருப்பி நமக்குக் காட்டிரும்! நாளைக்குப் பொண்ணு மணவறைக்கு நடந்து வரணுமா இல்லையா? சூடத்த வாசல்ல இருக்க பிள்ளையாருக்குக் காட்டுங்க. அவரு ஒருத்தருதான் இன்னும் கேஸு மாத்தல!”