குதிகால் பதிந்த செங்கல்

எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு செங்கல் இருக்கிறது. சூளையில் வெந்ததல்ல, வயல் வரப்பில், இருந்த இடத்திலேயே வெந்தது. அதன் மேல்பக்கம் ஒரு குதிகால் பதிந்த பள்ளம். வலது குதிகால். பித்தவெடிப்பின் கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ குலதெய்வத்தின் பாதம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அது என் வீட்டுக்காரரின் கால். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆவியாகப் போய்விட்டது.

வயல் வரப்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் ஒழுகினால், தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த எவரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள். குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளி வைத்து, குதிகாலால் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போவார்கள். யார் வயல், யார் பயிர் என்று கால் கேட்பதில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக மிராசுதார் வயலின் தண்ணீரைத்தான் காவல் காத்தோம். என் வீட்டுக்காரருக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. கூலி கேட்டு ஊரே வேலைநிறுத்தம் செய்த சமயம், கொடி பிடித்துக் கோஷம் போட்டுக்கொண்டு போன ஊர்வலத்திலிருந்து விலகி இறங்கி, அதே மிராசுதாரின் வரப்பை அடைத்துவிட்டு மறுபடி ஓடிவந்து கோஷத்தில் சேர்ந்துகொண்ட மனிதர் அவர். சங்கத்து ஆட்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். “தண்ணி வீணாப் போவுது புள்ள, பாத்துட்டு எப்புடி வர்றது?” என்று என்னிடம் நியாயம் கேட்டார். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

ஆட்சி மாறி, நில உச்சவரம்புச் சட்டம் வந்து, மிராசுதாரின் உபரி நிலத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் வானத்தார் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர்கள் வானத்தார். பட்டணங்களில் பெரிய சண்டை நடந்ததாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் சண்டை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஊர்களைக் காலி செய்து எங்களை முகாம்களில் அடைத்தார்கள். வயல்களில் நெல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு பயிரைப் போட்டார்கள். அதைத் தின்றுதான் அவர்கள் உயிர் வாழ்ந்தார்கள். சித்திரையிலும் அதற்கு முழங்கால் தண்ணீர் நிற்க வேண்டும். எங்களுக்கு வரவிருந்த நிலம் மிராசுதாரின் மேற்பார்வைக்கே திரும்பிப் போனது. எந்த ஆட்சி வந்தாலும் அவர் வரப்பில்தான் நின்றார், நாங்கள் சேற்றில்தான் நின்றோம்.

முகாமிலிருந்து தப்பிக் காலி ஊர்களில் ஒளிந்திருந்தவர்களைப் பிடிக்க வானத்தாருக்கு வழி சொன்னது மிராசுதாரின் காரியக்காரர். எங்களோடு ஒரே வாய்க்காலில் குளித்து வளர்ந்த ஆள். “இவனுவோளப் புடிக்க வலையெல்லாம் வேணாங்க. வரப்புல ஒரு ஓட்டையப் போட்டு விடுங்க. தானா வந்து காலை வப்பானுவோ” என்றாராம். ஆளில்லாத வயல்களில் வானத்தாரின் இயந்திரங்கள் நண்டு வளை போலவே ஓட்டைகள் போட்டன. ஒழுகுவது நின்றால் அங்கே மனிதன் இருக்கிறான் என்று அர்த்தம். உடனே சத்தமே இல்லாமல் ஓர் இயந்திரம் வரும். ஊமைப் பருந்து என்போம். அது வரும்வரை ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்துப் போட்டு, முதல் சாற்றைத் துப்புகிற நேரம் இருக்கும். திறந்த வெளியில் எங்கே ஓடுவது? ஒரு வெளிச்சம் விழும். வயல் தண்ணீர் முழுக்கக் கொதிக்கும். வரப்பு செங்கல்லாகிவிடும். மீன் பிடிக்கப் போனவர்களும் கீரை பறிக்கப் போனவர்களும் அப்படித்தான் போனார்கள். தங்களைக் கொல்ல வந்தவன் பயிருக்குத் தண்ணீர் காத்துச் செத்த ஜனம் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, படை திரட்டியது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். நன்னிலத்திலிருந்தும் குத்தாலத்திலிருந்தும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்கள் எங்களைப் போலவே முகாம்களிலிருந்து தப்பி வந்தார்கள். நாத்தனார் பொறுக்கி எடுத்தது கைவிரல்களில் அடங்கும். மற்றவர்களைச் சோறுகூடப் போடாமல் திருப்பி அனுப்பினார். வானத்தாரின் கண்ணுக்கு உடம்புச் சூடு தெரியும். சேற்றுக்குள் கிடந்தால் தெரியாது. பப்பாளிக் காம்பை வாயில் வைத்து மூச்சு விட்டுக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை சேற்றுக்குள் கிடக்க வேண்டும். அட்டை எங்கே ஏறினாலும் அசையக் கூடாது. ஒருநாள் ஊமைப் பருந்து தலைக்குமேல் நின்றபோது எங்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. நாத்தனார் அவர் தலையைச் சேற்றுக்குள் அழுத்திப் பிடித்தார். பருந்து போன பிறகுதான் கையை எடுத்தார். இருமியவர் எழுந்திருக்கவில்லை. அவரை அங்கேயே அமுக்கிவிட்டு மேலே நடந்தோம். அன்று இரவு நாத்தனார் வழக்கம்போல் சாப்பிட்டார், எங்களையும் சாப்பிட வைத்தார்.

என்னை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. நான் நடவுக்காரி, குனிந்தபடி பின்னோக்கி நடந்தே பழகியவள். வரிசையில் கடைசி ஆளாகப் பின்பக்கமாக நடந்து, எல்லோருடைய காலடித் தடத்தையும் கையால் தடவி அழித்துக்கொண்டு போவேன். என் வீட்டுக்காரரை எடுத்ததற்குத்தான் காரணம் விளங்கவில்லை. கடைசிச் சோதனை ஒழுகும் வரப்பைத் தாண்டிப் போவது. கால் இறங்கினால் கெண்டைக்காலில் கிளுவைக் கம்பால் அடி விழும். “ஓடுற தண்ணி அவங்க தண்ணி. ஓடட்டும்” என்பார் நாத்தனார். நாங்கள் எல்லோரும் அடிபட்டு அடிபட்டுத் தேறினோம். என் வீட்டுக்காரர் தேறவேயில்லை. கெண்டைக்கால் தோல் உரிந்து தொங்கியது. அடுத்த வளையைக் கண்டதும் கால் மறுபடி இறங்கியது. “என்னக்கா பண்றது, அது என்னக் கேக்காமப் போவுது” என்று அசடு வழிந்தார். அவரைவிடக் கெட்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பிய நாத்தனார் அவரை மட்டும் வைத்துக்கொண்டார். தாயில்லாமல் தூக்கி வளர்த்த தம்பி, விட மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கல்நெஞ்சுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எங்கள் இலக்கு கடலோரக் கதவணை. ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றுக்குள் வராமல் தடுக்கிற இரும்புக் கதவுகள் அவை. அவற்றைத் திறந்துவிட்டால் உப்புநீர் வாய்க்கால் வழியாக வயல்களுக்குள் ஏறும்; சாம்பல் பயிர் கருகும்; தின்ன வழியில்லாமல் வானத்தார் கிளம்புவார்கள். எங்கள் மண்ணும் கெட்டுப்போகும், பல வருடத்துக்கு நெல் விளையாது. அதைப் பற்றி யாரோ கேட்டபோது நாத்தனார், “நெலம் நம்மளுதா இருந்தாதானே அழுவணும்?” என்றார். சித்திரை அமாவாசை உச்சிப்பொழுதைத் தேர்ந்தெடுத்தார். ஓதமும் பெரிது, சேறும் உடம்புச் சூடு அளவுக்குக் கொதித்துக் கிடக்கும், பருந்துக்கு வித்தியாசம் தெரியாது.

கதவணைக்குமேல் பருந்துகள் நின்றபடியே இருந்தன. வாய்க்கால் பிரியுமிடத்தில் நாத்தனார் என் வீட்டுக்காரரிடம், “தம்பி, நீ கீழவரப்பு வழியா சுத்தி வா. மம்பட்டிய எடுத்துக்க” என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அக்கா சொன்னால் எதிர்க்கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நான் கடைசி ஆள், பின்னோக்கி நடக்கிறவள். அதனால் அவர் போவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே போனேன். தோளில் மண்வெட்டி, உடம்பெல்லாம் சேறு. ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். தடத்தை அழித்துக்கொண்டிருந்ததால் நான் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை.

கதவணைக்குக் கீழே சேற்றுக்குள் கிடந்தோம். தலைக்குமேல் நின்ற பருந்துகள் திடீரென்று கிழக்கே, கீழவரப்பின் பக்கம் திரும்பின. எல்லாமே போயின. சிறிது நேரத்தில் கிழக்கே அந்த வெளிச்சம் விழுந்தது. நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “ஏறுங்க” என்றார். கதவைத் தூக்கும் சக்கரத்தை எல்லோரும் பிடித்துச் சுற்றினோம். அது என்ன வெளிச்சம் என்று தெரிந்துகொண்டேதான் நானும் சுற்றினேன். கடல் உள்ளே வந்தது.

பயிர் கருகத் தொடங்கியதும் அந்த வரப்புக்குப் போய் இந்தச் செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவந்தேன். நாத்தனார் சோறு தின்றுகொண்டிருந்தார். அவர் இலைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் மறைக்கவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“கீழவரப்புல ஓட்ட இருக்குன்னு முன்னாடியே பாத்திட்டுதான் அனுப்புனேன்.”

“அவருகிட்ட சொல்லியிருந்தா அவராவே போயிருப்பாரே அண்ணி?”

“போயிருப்பான். ஆனா கால் இறங்கியிருக்காது. சாவுன்னு தெரிஞ்சா எந்தக் காலும் நின்னுடும்.” ஒரு கவளத்தை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “தேறாதவன் ஒருத்தன் வேணும்னுதான் அவன வச்சிருந்தேன்.”

வானத்தார் போய்விட்டார்கள். மறுபடி நம் ஆட்சி, நம் கொடிகள், ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. கடைத்தெருவில் நாத்தனாருக்குச் சிலை வைத்தார்கள். அமைச்சர் வந்து திறந்துவைத்து, தாயுள்ளம் என்று நெடுநேரம் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிலைக்கடியில் கல்லில், தம்பியை வானத்தாரிடம் பறிகொடுத்த வீராங்கனை என்று வெட்டியிருக்கிறார்கள். பறிகொடுத்தவள் நான். அவர் கொடுத்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிலம் ஒதுக்கினார்கள். உப்பு வடிந்து நெல் தலைகாட்டப் பல வருடம் ஆனது. நாத்தனாருக்கு வேறு யாருமில்லை, எனக்கும் பிள்ளை குட்டி இல்லை, ஒரே வீட்டில் இருக்கிறோம். சோறு போடுகிறேன், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைக்கிறேன். அவரை வெறுக்கிறேன். அவர் செய்யாவிட்டால் இன்றைக்கும் எல்லோரும் முகாமில் கிடந்திருப்போம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிவதால் வெறுப்பு குறைந்துவிடவில்லை.

எங்கள் வயலில் வளையை அடைப்பது எப்போதும் நான்தான். நாத்தனார் பார்த்தும் பாராததுபோல் தாண்டிப் போய்விடுவார். போன ஐப்பசியில் நடவு முடிந்த வாரம் இருவரும் வயல் பார்க்கப் போனோம். கம்பை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். ஒரு வளையிலிருந்து சலசலவென்று தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நாத்தனார் நின்றார். கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். வலது குதிகால் இறங்கியது. ஒரு மிதி, திரும்பி இன்னொரு மிதி. தண்ணீர் நின்றது. ஈரச் சேற்றில் பதிந்த பள்ளத்தைப் பார்த்தேன். மாடத்தில் இருக்கும் அதே அகலம், அதே பித்தவெடிப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

பிறகுதான் அவருக்குத் தான் செய்தது உறைத்தது. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

“வருமா புள்ள?” என்றார்.

அவனுவோ போயி எவ்வளவு காலமாச்சு அண்ணி என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நான் வரப்பில் உட்கார்ந்து மடியிலிருந்த வெற்றிலையை எடுத்தேன். துடைத்தேன். காம்பு கிள்ளினேன். சுண்ணாம்பை ஓரம்வரை நிதானமாகத் தடவினேன். பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டு மென்றேன். நாத்தனார் வானத்தைப் பார்த்தபடி, காலை அந்தப் பள்ளத்திலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். முதல் சாற்றைத் துப்பிய பிறகு எழுந்தேன்.

“வாங்க அண்ணி, வீட்டுக்குப் போலாம்” என்றேன்.