அம்மாக்கண்ணுவின் மின்காந்தப் பீரங்கி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலை ஒன்றில் கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணுவைப் பற்றிப் பேசுவதென்றால், முதலில் அவளுடைய தொண்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த மலையில் நின்று அவள் கதை பேசினால் எதிர்மலை லயத்து வீட்டு வரிசையில் பால் பொங்கி வழியும். அடுப்படியில் நிற்கிறவள் கதையின் முடிவைக் கேட்காமல் பாலைத் திரும்பிப் பார்க்கமாட்டாள். மழை வந்து பெண்களை மலையிலிருந்து இறக்க வேண்டுமென்றால் கங்காணி விசிலைத் தேடுவதில்லை. "அம்மாக்கண்ணு, ஒரு சத்தம் குடு தாயி" என்பார். அத்தனை பேரும் கூடையோடு இறங்கிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்கு ஒரே ஓர் ஆசை. மாரியம்மன் திருவிழாவில் பட்டிமன்ற மேடை ஏறிப் பேசிவிட வேண்டும். அந்த மேடையில் பெண்கள் ஏறியதே கிடையாது. பால்குடம் எடுக்கலாம், அன்னதானத்துக்குக் காய் வெட்டலாம், கீழே உட்கார்ந்து கை தட்டலாம், அவ்வளவுதான். அவள் புருஷன் வீரய்யாவோ வருஷா வருஷம் மேடை ஏறுகிற ஆள். அவன் பேசிய பேச்சில் பாதி அவள் ரொட்டி சுட்டுக்கொண்டே பேசியது. அதை வீரய்யாவும் மறுக்கமாட்டான், மேடையில் மட்டும் சொல்லமாட்டான்.

சண்டை நின்று, யாழ்ப்பாணத்துக்கு ரோடு திறந்திருந்த காலம் அது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சிவபாதம் மாஸ்டர்தான் அந்த வருஷத்துப் பட்டிமன்ற நடுவர். மாமியாரா மருமகளா என்ற தலைப்பைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது. "இந்த முறை விஞ்ஞானம்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். கடற்படைக் கப்பலுக்கு ஏற்றது பழைய பீரங்கியா, ஏவுகணையா, மின்காந்தப் பீரங்கியா? கடலையே பார்த்திராத பாதித் தோட்டம் வாயைப் பிளந்தது. பழைய பீரங்கிக்குத் தோட்டத்துக் காவல்காரர் செல்லசாமி, ஏவுகணைக்கு வீரய்யா, மின்காந்தப் பீரங்கிக்கு ஃபெக்டரியில் கணக்கெழுதும் கிளாக்கர் நிரோஷன் என்று பிரித்தார்கள்.

திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது நிரோஷனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் பன் மாதிரி ஊதிவிட்டன. வாயைத் திறக்க வழியில்லை. வேறு ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் பேசத் துணியவில்லை. அம்மாக்கண்ணு நேரே போய்க் கோயில் கமிட்டித் தலைவர் மாயாண்டி முன்னால் நின்றாள்.

"நான் பேசுறேன் தலைவரே."

மாயாண்டி கோயிலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். "சரி, பேசு. ஆனா ஒன்னு. மேடையில நின்னு முழிச்சேன்னு வை, நான் தலைவரா இருக்கிற வரைக்கும் எந்தப் பொம்பளையும் இதுல ஏற முடியாது. பொறவு என்னைக் கொற சொல்லக் கூடாது."

அவளுக்குப் பயம் வந்தது. சந்தோஷத்தில் தலையும் சுற்றியது. இரண்டையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

"ரெண்டு செப்புத் தண்டவாளம் பக்கத்தில பக்கத்தில கிடக்கு எண்டு நினையும் பிள்ளை" என்றார் மாஸ்டர். "நடுவில ஒரு உலோகத் துண்டு. ஒரு தண்டவாளத்தால போற கரண்ட், துண்டுக்குள்ளால பாஞ்சு, மற்றத் தண்டவாளத்தால திரும்பி வரும். அதில உண்டாகிற காந்த விசை துண்டைத் தூக்கி எறியும். சத்தத்தைவிட ஆறேழு மடங்கு வேகம் எடுக்கலாம் எண்டு கணக்குப் போட்டிருக்கினம்."

"அப்ப வெடிமருந்து?"

"ஒரு சிட்டிகையும் வேண்டாம். அந்த வேகத்தின்ர அடியே போதும்."

"எந்தக் கப்பல்ல இருக்கு மாஸ்டர்?"

"இன்னும் கப்பல் ஏறேல்ல. ஆராய்ச்சிக்கூடத்திலதான் நிக்குது."

இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இன்னும் ஏற விடாமல் வைத்திருக்கிறார்களே என்று அம்மாக்கண்ணுவுக்கு அதன் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே கூத்துத்தான். கொழுந்து பறித்தபடி அவள் பேசிப் பார்த்ததில் மலையில் இருந்த அத்தனை பெண்களுக்கும் மின்காந்தப் பீரங்கி மனப்பாடம். வீரய்யா லயத்துக்குப் பின்னால் போய் வாழை மரத்திடம் ஏவுகணையைப் பற்றிப் பேசினான். வீட்டுக்குள் இருவரும் உப்பு, மிளகாய் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

திருவிழா அன்று பொழுது சாயும்போது பட்டிமன்றம் தொடங்கியது. செல்லசாமி பீரங்கியின் பெருமையை மைக்கில் முழங்கினார். நூறு வருஷமாகச் சுடுகிறது, கெட்டுப்போனால் தட்டிச் சரிசெய்யலாம் என்றார். அடுத்து அம்மாக்கண்ணு ஏறினாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"செல்லசாமி அண்ணனோட பீரங்கி பதினஞ்சு மைல் போனா பெருசு. அதுக்குக் கப்பல் வயித்துல வெடிமருந்த அடுக்கி வைக்கணும். அடுப்புப் பக்கத்துல மண்ணெண்ணெய் ட்ரம்ம வச்சிக்கிட்டு யாராச்சும் தூங்குவாங்களா? என் பீரங்கி நூறு மைலுக்கு மேல போகும்ங்கிறாங்க. வேண்டியது வெறும் இரும்புத் துண்டு!"

கூட்டம் தட்டியது. அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏவுகணை வளைஞ்சி வளைஞ்சி தேடிப் போகுமாம். எங்க வீட்டுக்காரரு பஸாருக்குப் போற மாதிரிதான்! எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டு, வாங்கச் சொன்ன கருவாட்ட மறந்துட்டு வருவாரு. என் பீரங்கிக்கு அந்த வேலையே இல்ல. நேராப் போகும். எல்லாத்துக்கும் கரண்டு ஒன்னு இருந்தாப் போதும்!"

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், கரண்டு போய்விட்டது.

பல்பு அணைந்தது, மைக் செத்தது. ஜெனரேட்டர் தேரோடு தோட்டத்தின் மேல் டிவிசனுக்குப் போயிருந்தது. இருட்டுக்குள் செல்லசாமி துள்ளிக் குதித்தார். "கரண்டு போச்சு! பீரங்கியும் போச்சு!" மலையே அதிரும்படி சிரிப்பு. யாரோ பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் மாயாண்டி கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாக்கண்ணு முழித்தாள். முழிக்கக் கூடாது என்று நினைத்து இன்னும் முழித்தாள்.

பிறகு செத்த மைக்கை ஒதுக்கிவிட்டு, மழைநாளில் கூப்பிடுகிற அதே தொண்டையைத் திறந்தாள்.

"போச்சுதான்! அதுல மறைக்க என்னா இருக்கு? என் பீரங்கி கரண்டக் குடம் குடமாக் குடிக்கும். சுடச் சுடத் தண்டவாளமும் தேஞ்சி போகும். அதனாலதான் இன்னும் கப்பல் ஏறாம நிக்குது. ஒரு நாளைக்கி ஏறும், பாத்துக்கிட்டே இருங்க!"

மைக் இருந்தபோது கோயில் வாசலோடு நின்ற பேச்சு இப்போது எதிர்மலை வரைக்கும் போனது. அங்கிருந்து ஒரு சீழ்க்கை திரும்பி வந்தது.

அடுத்து வீரய்யா எழுந்தான். பாவம், அவனுடைய குரல் மூன்றாவது வரிசையிலேயே படுத்துவிட்டது. "கேக்கல! கேக்கல!" என்று பின்னாலிருந்து கூச்சல். "அக்கா, அவரு சொல்றத நீங்க சொல்லுங்க!"

வீரய்யா பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். "சொல்லுங்க, ஒரு சொல்லு கொறைய மாட்டேன்" என்றாள்.

அவன் சொல்லச் சொல்ல அவள் எடுத்து வீசினாள். நேராகப் போவது சரி, குறி நகர்ந்துவிட்டால் என்ன செய்வது? ஏவுகணை பாதி வழியிலும் திரும்பித் தேடும். நூறு மைல் என்ன, அதற்கு மேலும் போகும். இன்றைக்கே கப்பலில் இருக்கிறது. தன் பீரங்கியைத் தானே இப்படி மூழ்கடிக்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் வீரய்யா அவள் காதில் ஒன்றைச் சொன்னான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா சொன்னாரு? என்னா சொன்னாரு?"

"எத்தன கடை ஏறினாலும் கடைசியில அம்மாக்கண்ணுகிட்டதானே வந்து சேர்றேன்னு சொல்றாரு!"

கூட்டம் எழுந்து ஆடியது.

மாஸ்டர் தீர்ப்பு ஏவுகணைக்கு. அதையும் அவள்தான் அறிவித்தாள். தன் தோல்வியைத் தானே இரண்டு மலைக்கும் கேட்கச் சொன்னாள், வருத்தம் துளியும் இல்லாமல். அப்புறம் மாயாண்டி மேடை ஏறினார். அவருக்கும் தொண்டை பத்தாது. அவள் காதருகே குனிந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "சொல்லு தாயி" என்றார்.

அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மழையிலும் பனியிலும் கட்டாத தொண்டை அப்போதுதான் கட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற வீரய்யா இரண்டு கையையும் வாயில் குவித்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். "அடுத்த வருஷமும் அம்மாக்கண்ணு பேசுமாம்!"

மூன்றாவது வரிசை தட்டியது. பின்னாலிருந்து பழைய கூச்சல்தான். "கேக்கல! அக்காவச் சொல்லச் சொல்லுங்க!"

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதிர்மலையைப் பார்த்து நின்றாள்.

"அடுத்த வருஷமும் நான் பேசுறேன்!"

எதிர்மலை லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.