கோழித்தோல் கையும் புதுத் தும்பும்

பார்லர் வேலை என்றால் முகத்துக்குப் பூசுற வேலை என்று நினைக்கிறாங்க. எங்களுக்குப் பாதி நாள் கையைத் தடவி ஆறுதல் சொல்லுறதிலேயே போகுது. மேல்கையில் கோழித்தோல் மாதிரிப் பொரிப்பொரியாக உள்ளவங்களே, எனக்கும் அதே கைதான். கண்டிக் குளிருக்கு இன்னும் சொரசொரக்குமே, தெரியாதா?

தும்பு

குண்டசாலையிலிருந்து ஜெசிந்தாவை அவ அம்மா கூட்டி வந்தாங்க. கலியாணம் நெருங்குது, மாப்பிள்ளையின் அம்மா இந்தக் கையைக் கண்டால் சம்பந்தமே முறிஞ்சிடும் என்று பயம். சட்டைக் கையை மடிச்சுப் பார்த்தேன். பொரி போதாதென்று கீறல் கீறலாய்ச் சிவந்து கிடந்தது.

எனக்கு டொக்டர் சொன்னதையே சொன்னேன்: ஒட்டுற வருத்தமில்லை, தேய்க்கக் கூடாது, குளிச்ச ஈரத்தோட கிறீம் பூசணும், மெதுமெதுப்பாகும், முழுசாப் போகாது. எத்தனை பேருக்குத்தான் சொல்றது! "எதால தேய்ச்சீங்க?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"தேங்காய்த் தும்பாலதான். சட்டி கழுவுறது இல்லக்கா, புதுசு."

பக்கத்துக் கதிரை

அடுத்த தரம் வந்தப்போ ஜெசிந்தாவின் கை கொஞ்சம் மெத்தென்று இருந்தது. ஆனாலும் பிள்ளை சால்வையை எடுக்கவே இல்லை. பக்கத்துக் கதிரையில் அக்குறணை முஸ்லிம் கடைக்காரர் வீட்டு ராத்தா. நாங்க அக்கா என்கிறதைத்தான் அவங்க ராத்தா என்பாங்க. கேட்டுக்கொண்டே இருந்தவ, தன் நீளச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினா. அதே பொரி.

"மூணு புள்ளயும் பெத்தாச்சி மகள், எங்கட அவருக்குக் கையில இது இருக்கிறதே இன்னும் வெளங்கல்ல."

கூறைச் சட்டை

மாதா கோயிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சட்டைக்கு அம்மா நீளக் கை வைச்சுத் தைப்பிச்சிட்டாங்க. ஆனால் பிறகு மாத்திக் கட்டுற கூறைச் சேலையும் அதன் சட்டையும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வர்றது. பிலிமத்தலாவையிலிருந்து வந்ததோ குட்டைக் கை. அதைக் கண்ட அம்மா பதறி, கலியாணத்துக்கு முந்தின நாள் மறுபடி தும்பை எடுத்திருக்காங்க, உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து.

கலியாணத்தன்று கை இறால் மாதிரிச் சிவந்திருந்தது. ஈரத்துணி போட்டு ஒத்திக்கொண்டு இருந்தேன், ஜெசிந்தா அழுதா. அந்த நேரம் பார்த்து மாமியார்க்காரி உள்ளே வந்தாங்க. கையைத் தூக்கிப் பார்த்தாங்க. அம்மா சுவரோடு சுவராக நின்னாங்க.

"இந்தப் பிள்ளைக்கும் தும்பு போட்டீங்களா? நான் என் மகனுக்குப் போட்டேன், ரெண்டு நாள் என்னோட பேசல்ல."

இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கைப் பொரியையும் நான் போக்கினதில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான். தாய்மார் கையிலிருந்து தும்பைப் பிடுங்கி வைச்சதோடு சரி.