தார் ரோடு சுடாத கால்

என் வீட்டுக்காரர் சவரிமுத்துவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எண்பத்தேழாம் வருடம், பாஸ்காத் திருநாள், அதான் ஈஸ்டர், முடிந்த வாரம். அவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? அன்றைக்கு நான் செபம் பண்ணவில்லை, ஆண்டவரோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டைக்கு அவர் கொடுத்த பதிலைச் சொல்லத்தான் இந்தச் செபக் கூட்டத்தில் உங்கள் முன்னால் நிற்கிறேன். எனக்கு இனிப்பாகப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை தார் ரோட்டில்தான் போகும். பெரிய மரச்சிலுவையைத் தூக்குகிறவர் செருப்பு போடக் கூடாது, அது வழக்கம். உச்சி வெயிலில் தார் இளகிக் கிடக்கும். வெறுங்காலில் கூட வருகிறவர்கள் எல்லாம் நிழலைத் தேடிக் குதித்துக் குதித்து ஓடுவார்கள். சிலுவையைத் தூக்கி வரும் என் வீட்டுக்காரர் மட்டும் அசையாமல், நிதானமாக நடப்பார். "சுடலையா சவரி?" என்று கேட்டால் சிரிப்பார். "சத்தியமா தெரியல" என்பார்.

சாமியாருக்கு உதவியாகச் செபம் நடத்துகிற உபதேசியார் இதைப் பிடித்துக்கொண்டார். "ஆண்டவரு இவன் காலுக்கு அருள் குடுத்துட்டாரு. பாருங்க, அக்கினியால இவன இன்னா பண்ண முடியுது?" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். அதற்குப் பிறகு சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்கள் வந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பிள்ளைகள் நெற்றியில் வைத்தார்கள். இவரும் பூரித்துப் போனார். ஜென்மத்துக்கும் மூட்டைக்குக் கீழேயே குனிந்து கிடந்த மனுசன், அந்த ஒரு நாள்தான் தலைநிமிர்ந்து நின்றார். அதை நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. மண்டியிலிருந்து வரும்போது ஒரு காலில் செருப்பு இருக்கும், இன்னொரு காலில் இருக்காது. கழன்றதே அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று திண்டிவனத்து டாக்டர் முன்பே சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். "காலைக் காட்டிட்டு வரலாம் வாய்யா" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். உபதேசியார் காதுக்குப் போனது. "அருள் வாங்குன கால டாக்டர்கிட்ட காட்டுறதா? உனக்கு விசுவாசம் பத்தல லூர்து" என்றார். கோயிலில் நாலு பேர் முன்னால் சொன்னார். அதோடு நான் கெஞ்சுவதை விட்டுவிட்டேன்.

அந்த வருடம் சிலுவைப்பாதை முடிந்து வந்தவரின் உள்ளங்காலில் கொப்புளம். வலிக்கவில்லை என்றார். பாஸ்கா பூசைக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு போனோம். பூசை பாதியில் ஒரு நாற்றம். எலி எங்கேயாவது செத்துக் கிடக்கிறதோ என்று பார்த்தேன். அது அவர் கால். பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். முந்தாநாள் அதே பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டவர்கள்தான். அந்த முகங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. சில முகங்கள் இங்கேயும் இருக்கின்றன.

உபதேசியார் வீட்டுக்கு வந்து செபித்து எண்ணெய் பூசினார். கத்தி வைக்கச் சம்மதிக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் விரல் கறுத்துவிட்டது. இனிமேல் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று, அவரைப் பஸ்ஸில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே டாக்டர் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி தேடினார். கால் பூசணி போல வீங்கிக் கிடந்தது. கணுக்காலிலும் தேடினார். தலையை ஆட்டினார். "ரத்த ஓட்டமே தட்டுப்படல. விட்டா மேல ஏறிடும்மா. நாளைக்கே எடுத்துடணும்" என்றார்.

நான் வராந்தாவுக்கு வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். கையில் செபமாலை இருந்தது, உருட்டத் தோன்றவில்லை. "உன் சிலுவையத் தூக்குனவனுக்கு நீ குடுக்குற கூலி இதானா? அருள் குடுத்தியோ இல்லியோ, அது உனக்கே வெளிச்சம். அவன் நிக்கறதுக்கு ஒரு பாதத்த மட்டும் விட்டு வை. வேற எதுவும் உன்கிட்ட கேக்க மாட்டேன்" என்று வாய்விட்டே சொன்னேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வேறு யாரையோ பார்க்க வந்தவர். வெட்டச் சொன்ன டாக்டரே, "இதையும் ஒரு தடவ பாத்துடுங்க" என்று அவரை அழைத்து வந்தார். அவர் கையில் டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் பேனா மாதிரி ஒன்று.

"இன்னாங்க சார் அது?" என்று கேட்டேன். அவர் எரிந்து விழவில்லை. "நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை இது உள்ள அனுப்புதும்மா. ரத்தம் ஓடினா அதுல பட்டுத் திரும்பி வரும். அந்த ஓட்டத்தை இந்தப் பெட்டி நமக்குக் கேக்க வைக்கும்" என்றார்.

குளிர்ந்த களிம்பைத் தடவிப் பாதத்தின் மேல் பேனாவை வைத்தார். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி வெறும் இரைச்சல். நகர்த்தினார். இரைச்சல்தான். கணுக்கால் எலும்புக்குப் பின்னால் கொண்டுபோய், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

உஷ்... உஷ்... உஷ்...

முறத்தில் மல்லாட்டை புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அது ரத்தம்தானா என்று பார்க்க, டாக்டர் கெண்டைக்காலில் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். சத்தம் நின்றது. காற்றைத் தளர்த்தினார். உஷ்... உஷ்... திரும்ப வந்தது. ஐயோ, என் ஆண்டவரே! நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வீக்கத்துல கைக்குத் தெரியல, ஆனா பாதத்துக்கு ரத்தம் வருது. முழங்கால் வரைக்கும் போக வேணாம். செத்த விரலை எடுத்துட்டு, சீழைச் சுத்தம் பண்ணி, சர்க்கரையை அடக்கிப் பாக்கலாம்" என்றார்.

படுத்திருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், எனக்கு வலியே தெரியலீங்களே?"

"சர்க்கரை நரம்பைச் சாகடிச்சிருக்கு. ரொம்ப வருஷமாவே இருக்கும்."

"அப்போ தார் ரோடு சுடாதது?"

"அதுவும் அதனாலதான்."

என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். விரல் போகப்போகிறதே என்று அழவில்லை. "அப்போ எனக்கு அருள்னு ஒண்ணும் இல்லியா லூர்து?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

பெருவிரலும் அடுத்த விரலும் போயின. பாதம் தங்கியது. புண் ஆற மாசக்கணக்கில் ஆனது. மூட்டை தூக்க முடியவில்லை. மண்டி வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். தினமும் விளக்கு வைத்ததும் அவர் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நான் செபமாலை எடுக்கிறேன். உபதேசியாரோ தன் எண்ணெயால் குணமான கால் என்று ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

மறு வருடம் சிலுவையை அந்தோணி தூக்கினான். இவரோடு மூட்டை தூக்கியவன். நாங்கள் ரோட்டோரம் நின்றிருந்தோம். தார் இளகிக் கிடந்தது. அந்தோணி நிதானமாக நடந்து வந்தான். "பாருங்க, இவனுக்கும் சுடல!" என்று உபதேசியார் ஒலிபெருக்கியில் சொன்னார்.

என் வீட்டுக்காரர் விந்தி விந்தி நடு ரோட்டுக்குப் போனார். சிலுவையை மறித்து நின்றார். கூட்டம் அப்படியே நின்றது.

"அந்தோணி, நெசமா சுடலையாடா?"

"நெசமா தெரியலண்ணே."

இவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றி அவன் முன்னால் வைத்தார். "போட்டுக்க. நாளைக்கு மொத பஸ்ஸுல நானும் உன்கூட விழுப்புரம் வர்றேன்."

"வழக்கத்தக் கெடுக்காதப்பா" என்று உபதேசியார் கத்தினார். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தோணி செருப்பைப் போட்டுக்கொண்டான். வெறுங்காலில் நின்ற இவரைப் பதறி இழுத்து வந்து, என் செருப்பின் மேல் நிறுத்தினேன். "இப்பதான் லூர்து எனக்கு அருள் வந்துச்சு" என்றார். அந்தோணிக்கும் சர்க்கரைதான். புண் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவனுக்கு விரல் எல்லாம் இருக்கிறது.

என் சண்டைக்கு ஆண்டவர் பதில் சொன்னார். ஒரு பெட்டி வழியாகச் சொன்னார். எந்த வழியாகச் சொன்னால் என்ன, அவருக்குக் கோடி நன்றி. நீங்களும் அவரிடம் கேளுங்கள், கோபமாகவாவது கேளுங்கள், காது கொடுப்பார். வருகிற பெரிய வெள்ளியில் உங்கள் கால் சுட்டால் ஐயோ அம்மா என்று கத்திக்கொண்டே அவருக்கு நன்றி சொல்லுங்கள். சுடாவிட்டால் யாரிடமும் பெருமையடிக்காதீர்கள். நேராக என்னிடம் வாருங்கள். நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்.