சுண்ணாம்பு மேட்டில் நாலு அரைக்குழி

ரோஜாவின் கையில் எப்போதும் ஒரு வேப்பங்கோல் இருக்கும். சரியாக ஒரு மீட்டர் நீளம். பிடிக்கிற முனை தேய்ந்து வழுவழுத்துப் போயிருக்கும். அதற்குக் கீழே சாண் சாணாகக் கத்தியால் கீறிய அடையாளங்கள். ஆந்திராவில் பங்காருபாளையத்துக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊரில் நூறு நாள் வேலைக்கு அவள்தான் மேட். ஆட்களைச் சேர்ப்பது, பெயர் எழுதுவது, வெட்டிய குழியை அளந்து சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. பதினோரு வருடமாக அளக்கிறாள். குழிக்குள் கோலை நிறுத்துவாள், குனிந்து பார்ப்பாள். நாலு விரல் குறைந்திருந்தாலும் கணக்கில் எழுதமாட்டாள். கோலை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடுவாள். வெட்டியவர் மறுபடி கடப்பாரையைத் தூக்க வேண்டியதுதான்.

"இவ பொண்ணு பாக்க வந்தப்பவே மாப்ளைய கோல் வெச்சி அளந்தவ" என்பாள் வள்ளியம்மாள், குழிக்குள் நின்றபடி. அவளுக்கு ரோஜாவோடு நல்ல சிநேகம், அதனால் வாயும் அதிகம்.

"உயரம் மட்டும் அளந்தா. அகலத்துல ஏமாந்துட்டா" என்பான் தணிகைவேல். ரோஜாவின் புருஷன். ஒல்லியான ஆள். எந்த வேலையையும் முடித்துவிடுவான், ஆனால் முடிந்த மாதிரி தோன்றும் முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுவான்.

ரோஜாவின் அப்பாவுக்கு நிலம் கிடையாது. அவருக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் கிடையாது. மாங்காய் சீசனில் தோப்புகளில் பறிப்பு, மற்ற நாட்களில் கிடைத்த கூலி. ரோஜா பதினைந்து வயதில் மாங்காய்க் கூடை சுமந்தவள். எந்தத் தோப்பில் எந்த மரம் முதலில் காய்க்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மரம்கூட அவளுடையதல்ல. அதனால், ஒன்றரை ஏக்கருக்கு அவள் பெயரில் அரசாங்கப் பட்டா வந்தபோது என்ன வைப்பது என்று யோசிக்கவே இல்லை. மாமரம்தான். தோத்தாபுரி ரகம். அறுபது கன்று.

கிடைத்த இடம் சுண்ணாம்பு மேடு. ஊருக்கு மேற்கே மெல்ல ஏறிப்போகும் புல்சரிவு. கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு வளரும், தை மாதத்துக்குள் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். அங்கங்கே ஆவாரை. மாடு மேய்ப்பதற்கு மட்டுமே ஆகிற இடம் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்தது. மேல் மண் பழுப்பு. கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டையாகும், விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். மணலும் இல்லை, களியும் இல்லை. சரிவின் தலைப்பில் அது ஒரு சாண்கூட இருக்காது. கீழே வர வர முழங்கால் வரைக்கும் இருக்கும். அதற்கடியில் நிறம் வெளுத்து, மாவு மாதிரி ஒரு மண். அதற்குள் சுக்காங்கல், கோலிக்குண்டு அளவில், கோழிமுட்டை அளவில். கோடையில் அந்த வழியாக நடந்து வந்தால் கால் இரண்டும் வெள்ளை அடித்த மாதிரி இருக்கும். ரோஜா இதையெல்லாம் பார்த்திருந்தாள். மண்ணின் நிறத்தைப் பற்றி அவள் அதுவரை கவலைப்பட்டதில்லை.

சித்திரை வெயிலில் இரண்டு பேருமாகக் குழி வெட்டினார்கள். ஊராருக்கு ஒரு மீட்டர் என்றால் தனக்கு அதற்கு மேல் ஒரு சாண் என்றாள் ரோஜா.

"எதுக்கு மே அந்த ஒரு சாணு?" என்றான் தணிகைவேல்.

"வேர் ஓடத்தான்."

"வேர் ஓடும். எனக்கு இடுப்பு ஒடியுது."

நாற்பது நாள் வெட்டினார்கள். கடைசி வரிசை சரிவின் அடியில், புங்க மரத்தின் பக்கத்தில். ரோஜா அன்று அலுவலகத்தில் கையெழுத்துப் போட பங்காருபாளையம் போயிருந்தாள். திரும்பி வந்து கோலை விட்டால் நாலு குழி முழங்கால் ஆழம்தான். அதுவும் அவனுடைய முழங்கால். தணிகைவேல் புங்க நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தான்.

"இன்னாய்யா இது? குழியா, கோழி கிளறினதா?"

"கன்னு சின்னதுதானே. அதுக்கு எதுக்கு கெணறு?"

அவள் அந்த நாலையும் ஆழப்படுத்தச் சொன்னாள். அவன் நாளைக்கு என்றான். நாளைக்கு மழை வந்துவிட்டது. மழை வந்தால் கன்று வைத்துவிட வேண்டும். வைத்தார்கள். அந்த நாலு குழியை அவள் பிறகு இரண்டு வருடத்துக்கு மறக்கவில்லை. சோற்றில் உப்பு குறைந்தது என்று அவன் சொன்னால்கூட, "நாலு குழி கொறஞ்சுதே, அப்ப எங்க போச்சி நாக்கு?" என்பாள்.

முதல் வருடம் அறுபதும் நன்றாகத்தான் நின்றன. இரண்டாவது வருடம் மழைக்குப் பிறகு வந்த துளிர் மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் எலுமிச்சைத் தோல் நிறம். அடுத்த துளிர் இன்னும் வெளுத்து, ஓரம் கருகி வந்தது. யூரியா வைத்தாள். சாணம் சுமந்து கொட்டினாள். தண்ணீர் போதவில்லையோ என்று போர்வெல்லிலிருந்து டிரம்மில் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்ற ஊற்ற இன்னும் மஞ்சளானது.

தணிகைவேலின் அண்ணன் நாகபூஷணம் வந்து பார்த்தார். அவருக்குக் கீழே ஏரிப் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண். அவசரப்பட்டுப் பேசுகிறவர் இல்லை.

"இது மேடுமா. மேல இருக்கிறது ஒரு சாண் மண்ணு. மாடு மேய்ஞ்சி மேய்ஞ்சி அதுல சாரமில்ல. ஜேசிபி உட்டு மேல்மண்ண தள்ளிட்டு, உள்மண்ண எடுத்து மட்டம் பண்ணிடு. தண்ணி நிக்கும். உள்ள கீறது புது மண்ணு, பலமா இருக்கும். நான் பண்ணல? இப்ப எப்டி கீது என் தோட்டம்?"

"இருக்கிற கன்னு இன்னா ஆவறது மாமா?"

"இது கன்னா? போனது போச்சி. புதுசா வெச்சிக்கோ."

ரோஜா தலையாட்டினாள். ஆழத்தில் இருக்கிற மண் பலமானது என்பதை அவளும் நம்பினாள். அதற்காகத்தானே ஒரு சாண் அதிகம் வெட்டினாள். நாகபூஷணம் ஜேசிபி ஓட்டுகிற சாய்குமாருக்குப் போன் போட்டார். சனிக்கிழமை வருவதாகப் பேச்சு.

புதன்கிழமை தோட்டக்கலை உதவியாளர் ஹரிதா ஸ்கூட்டியில் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் தெலுங்கு. பேச்சில் இரண்டும் மாறி மாறி வரும். இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இனுமு லோபம் அக்கா. இரும்புச் சத்து கொறவு" என்றாள். "மண்ணுல இரும்பு இல்லாம இல்ல. சுண்ணாம்பு அத உட மாட்டேங்குது. அன்னபேதின்னு இரும்பு உப்பு, நிம்ம உப்புன்னு எலுமிச்சப் புளிப்பு உப்பு, ரெண்டும் கலந்து எல மேல அடிங்க. மண்ண பையில போட்டுக் குடுங்க, திருப்பதிக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்."

"சனிக்கிழமை ஜேசிபி வருதும்மா."

"எதுக்கு?"

"மட்டம் பண்ண."

அந்தப் பெண் சரிவை மேலும் கீழும் பார்த்தாள். "ரிசல்ட் வரட்டுமே அக்கா" என்றாள். எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு "தெரியல அக்கா" என்று மண் பையை வாங்கி ஸ்கூட்டியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரோஜா உரக்கடையில் வாங்கிய அன்னபேதியை வாளித் தண்ணீரில் கரைத்தாள். பச்சைக் கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்தது, கரைந்தும் போனது. நிம்ம உப்பை ஒரு சொம்பில் தனியாகக் கரைத்து அதில் சேர்த்தாள். எப்படியும் நாளைக்குப் போகப்போகிற செடிகள்தான். வாங்கியாயிற்று, அடித்துப் பார்ப்போம் என்றுதான் ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டினாள். சொம்பின் அடியில் மிச்சமிருந்ததை ஒரு கன்றின் பாத்தியில் கவிழ்த்தாள்.

மண் பொங்கியது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு சத்தம், வெள்ளை நுரை, அப்புறம் அடங்கியது.

ஸ்ப்ரேயரை இறக்கி வைத்தாள். நிம்ம உப்பை மறுபடி கரைத்து அடுத்த பாத்தியில் ஊற்றினாள். பொங்கியது. அதற்கடுத்ததிலும். பாத்திக்கு இரண்டு அடி தள்ளி, குழியே வெட்டாத இடத்தில், புல்லை விலக்கிப் பழுப்பு மண்ணில் ஊற்றினாள். ஈரம் உள்ளே இறங்கியது, அவ்வளவுதான். புளிப்புப் பட்டுப் பொங்குவது சுண்ணாம்புதான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் சொம்போடு சரிவின் அடிக்கு வந்தாள். கடைசி வரிசையில் நாலு கன்றும் பச்சையாக நின்றன. புங்க நிழல் பட்டுத்தான் அப்படி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாத்தியில் ஊற்றினாள். பொங்கவில்லை. கோலை ஊன்றி உட்கார்ந்தாள். பிறகு கடப்பாரையை எடுத்துப் பக்கத்தில் குத்தினாள். முழங்கால் ஆழம் வரைக்கும் பழுப்பு. அதற்கப்புறம்தான் வெள்ளை. தணிகைவேலின் கடப்பாரை வெள்ளையைத் தொடுவதற்கு முன்னாலேயே படுத்துவிட்டது.

மற்ற ஐம்பத்தாறிலும் அவள் வெள்ளைக்குள் இறங்கி வெட்டியிருந்தாள். அடியில் இருந்தது கடைசியாக வெளியே வந்தது. பழுப்பு மண் கரையில் சிதறி மழையில் இறங்கிப்போக, குவியலில் மிஞ்சிய வெள்ளையை வேரைச் சுற்றி மூடி, காலால் மிதித்து, பாத்தியும் கட்டினாள். நாளைக்கு ஜேசிபி வந்தால் ஒன்றரை ஏக்கருக்கும் அதையே செய்யும். புல் பிடித்து வைத்திருக்கிற அந்த ஒரு சாண் மண் ஒரு மதியத்துக்குள் அடியில் போய்விடும். திரும்ப மேலே வராது.

தணிகைவேல் மேலே டிரம்மைச் சாய்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டாள்.

"மறுபடி குழியா?" என்றபடியே வந்தான்.

"பாரு." வெள்ளைக் கட்டி ஒன்றின் மேல் ஊற்றினாள். பொங்கியது. பழுப்புக் கட்டியின் மேல் ஊற்றினாள்.

"இன்னாமே இது, கோலி சோடா மாதிரி."

ரோஜா எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் புல்லைக் கிள்ளிக்கொண்டே, "நீ வெட்டினதுதான் சரி" என்றாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றான்.

"காது கேக்கலியா?"

"கேட்டுது. இன்னொரு வாட்டி கேக்கணும்னு கீது." பிறகு அவனே, "சரின்னு தெரிஞ்சி வெட்டலமே. இடுப்பு வலி" என்றான்.

"அது எனக்குத் தெரியாதா?"

மத்தியானம் அவள் நாகபூஷணம் வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். வண்டி வேண்டாம் என்றதும் அவர் முகம் மாறியது.

"சாய்குமாருக்கு வாக்கு குடுத்துக்கீறேன். வேற வேலைய உட்டுட்டு வரான். வெளையாட்டா?"

ரோஜா வாசற்படியில் வெள்ளைக் கட்டியை வைத்துச் சொம்பைச் சாய்த்தாள். நுரை பொங்கிப் படியில் வழிந்தது. அவர் அதையே பார்த்தார்.

"உங்க நெலம் எவ்ளோ தோண்டினாலும் செம்மண்ணு மாமா. அங்க நீங்க சொன்னது சரி. இங்க தோண்டினா இதுதான். என் குழியில நான் செஞ்சத வண்டி மேடு முழுக்க செஞ்சிடும்."

"ஊர்க் குழியெல்லாம் அளக்கறவ. உனக்கே தெரியலியா?"

"ஆழம்தான் மாமா அளந்தேன். இன்னா நிறத்துல வெளிய வருதுன்னு பாக்கல."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்து சாய்குமாரிடம், "நாளைக்கு வேணாம்ப்பா. இல்ல, இல்ல, தள்ளிப் போடல. வேணாம்" என்றார். ரோஜாவிடம், "படிய கழுவிட்டுப் போ" என்றார். அவள் கழுவிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் நடந்தது மெதுவான வேலை. பாத்திகளிலிருந்து வெள்ளை மண்ணை வேர் அறுபடாமல் கையால் சுரண்டி எடுத்தார்கள். மழை அடித்துக்கொண்டு வந்து சரிவின் அடி வரப்பில் சேர்த்திருந்த பழுப்பு மண்ணைக் கூடையில் சுமந்து ஏற்றி, தொழுவுரத்தோடு கலந்து போட்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அன்னபேதி. போர்வெல் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் என்று கெட்டிலின் அடியில் படிந்திருந்த வெள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதை நிறுத்தி, மழைத் தண்ணீர் தங்குகிற மாதிரி குறுக்கே சின்னச் சின்ன வரப்பு போட்டாள். முப்பத்தொரு கன்று பச்சைக்குத் திரும்பியது. மீதி இருபத்தைந்தும் போயின. தலைப்பில் நாலு வரிசையை அப்படியே புல்லுக்கு விட்டுவிட்டாள். நடுவில் கன்று போன இடங்களில் சீத்தா விதை ஊன்றினாள். அது அந்த மண்ணை ஒன்றும் கேட்காமல் வளர்ந்தது. பலமனேரில் மாடு வைத்திருப்பவர்கள் வந்து புல்லை அறுத்து வண்டியில் ஏற்றிப் போகிறார்கள்.

திருப்பதியிலிருந்து மண் ரிசல்ட் இரண்டு மாதம் கழித்து வந்தது. சுண்ணாம்பு அதிகம் என்று எழுதியிருப்பதாக ஹரிதா படித்துச் சொன்னாள். "சரிம்மா" என்று ரோஜா அதை மடித்து ரேஷன் கார்டோடு வைத்தாள்.

புங்க மரத்தடி நாலு கன்றும் இந்த மாசி மாதம் முதன்முதலாகப் பூத்தன. அவற்றுக்குத் தண்ணீர் விடுவது தணிகைவேல் மட்டும்தான்; வேறு யாரும் தொடக்கூடாது. நிழலில் படுத்துக்கொண்டே பார்த்துக்கொள்வான்.

சென்ற வாரம் ஏரிப் பக்கத்தில் புது வேலை தொடங்கியது. ரோஜா கோலோடு வந்தாள். இப்போதெல்லாம் அவள் இடுப்பில் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கிறது. வள்ளியம்மாள் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிவிட்டு, கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலையைப் பிரித்தாள்.

"இன்னாடி, முடிஞ்சிதா?"

"உன் ஊட்டுக்காரர் அளவு வெட்டிக்கீறேன். அதுதானே சரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீற?"

ரோஜா பழத்தைப் பாதியாக வெட்டி, குழியின் அடியிலிருந்து எடுத்த கட்டி மேல் பிழிந்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். சாறு இறங்கியது. செம்மண் கொஞ்சம் கறுத்தது.

"பொங்கல" என்றாள் ரோஜா. கோலைக் குழிக்குள் நிறுத்திப் பார்த்து, எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தாள். "வெட்டு."