அவன் வாயால் ஒரு ‘ஐயா’

என் அப்பாவை அவன் “டேய்” என்றுதான் கூப்பிடுவான். அவன் வயல் முதலாளியின் மகன்; இருபது வயது இருக்கும். அப்பாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கலவரத்தில் அடிபட்டு வந்து, வடக்கே உருத்திரபுரத்தில் அவர்களுடைய வயலில் கூலிக்கு நின்றவர் அப்பா. “டேய், வாய்க்காலைத் திறந்து விடடா” என்று அவன் வரம்பில் நின்று கத்துவான். அப்பா மண்வெட்டியோடு ஓடுவார். அதைப் பார்க்க அவர்மேலும் கோபம் வரும்.

நான் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்தேன். சிறுபோக நெல் வெட்டு முடிந்ததும் ஊர் இளந்தாரிப் பையன்கள் மோட்டார் சைக்கிள் போட்டி வைப்பார்கள். காய்ந்த வயல் வரம்புகளைத் தாண்டி, மணல் பாதையால் போய், குளக்கட்டில் ஏற வேண்டும். போரால் பெற்றோல் கிடையாத காலம். எல்லாமே மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். முதல் முறை கடைக்காரரின் பழைய மோட்டார் சைக்கிளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனேன். ஆத்திரத்தில், முன்னால் ஓடிய அவனுடைய பின் டயரையே முறைத்துக்கொண்டு ஓடினேன். அது மணலில் ஒரு குழிக்குள் இறங்கி ஏறியது. நான் இறங்கினேன், ஏறவில்லை.

“தோட்டக்காட்டானுக்கு மோட்டார் சைக்கிளும் ஒரு கேடே?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

விடுவேனா? அடுத்த வெட்டு வரைக்கும் கண்ணைப் பழக்கினேன். கண் போகிற இடத்துக்குத்தான் கை போகும்; பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குள்தான். ஒரு வரம்பில் ஏறும்போதே அடுத்த வரம்பைப் பார்த்தேன். மணலில் இறங்குமுன் மணல் முடியும் இடத்தைப் பார்த்தேன். அதெல்லாம் பெரிய காரியமில்லை. அவனைப் பார்க்காமல் இருப்பதுதான் உயிரை வாங்கியது.

மறுமுறை, தொடங்குமுன் எல்லாருக்கும் கேட்கும்படி அவனிடம் சொன்னேன்: “நான் வெண்டால், எங்கட அப்பாவை நீ ‘ஐயா’ எண்டு கூப்பிட வேணும்.”

“முதல்ல விழாமல் வா பாப்பம்,” என்றான்.

மணலில் அவன்தான் முன்னால். புழுதி வாய்க்குள் வந்தது. நான் குளக்கட்டில் நின்ற மருத மரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. எந்த இடத்தில் அவனை முந்தினேன் என்றுகூடத் தெரியாது. குளக்கட்டில் ஏறித் திரும்பினால், அவன் கீழே மணலுக்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறான். ஐயோ, அந்தச் சுகம்! வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு வந்ததில்லை.

இளந்தாரிகள் அவனை விடவில்லை. வாய்க்கால் ஓரம் அப்பா புல்லுச் செதுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் நிலத்தைப் பார்த்தபடி, “ஐயா, ஒருக்கா இஞ்ச வாங்கோ,” என்றான்.

அப்பா திடுக்கிட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“ஏதும் தப்புப் பண்ணிட்டேனுங்களா, சின்ன முதலாளி?”

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தான்.